கொழும்பு லொறியில் ஏறிய அவசரப் பை

தேயிலைத் தூள் மூட்டை கட்டுகிறவனிடம் வீட்டுச் சாமானைக் கட்டச் சொல்லக்கூடாது. எந்தத் தொழிலும் செய்கிறவனைக் கொஞ்சம் கோணலாக்கிவிடும். முடிவெட்டுகிறவர் நம்மோடு பேசும்போது நம் கண்ணைப் பார்க்கமாட்டார், காதுக்கு மேலேதான் பார்ப்பார். எனக்கு எதைக் கண்டாலும் அதை ஈரம் படாமல் ஒரு மூட்டைக்குள் போட்டு, வாயை மடித்துத் தைத்து, முத்திரை குத்தி, தரையில் படாமல் பலகை மேல் நிறுத்திவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும்.

என் மனைவி பாக்கியம் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சீக்கிரத்தில் முடிக்கமாட்டாள். "இந்த மனுசன் கட்டி வச்ச உப்புப் பைய அவுக்கிறதுக்குள்ள கறி அடிப்புடிச்சிருச்சு" என்பது அவளுடைய குற்றச்சாட்டுகளில் மிகச் சிறியது.

நான் வேலை செய்வது ஓப்பநாயக்கவுக்கு மேலே, ஒரு தோட்டத்து ஸ்டோரில். (தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கடை என்று நினைத்து யாரும் சீனி கேட்டு வந்துவிட வேண்டாம்.) அதன் கடைசி அறையில்தான் தூளை மூட்டையாகக் கட்டுவது. சத்தமில்லாத அறை. மழைக்காலத்தில் மேகம் இறங்கி வந்து ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்க்கும். திறந்தால் தூளுக்கு ஈரம் ஏறிவிடும் என்று நான் திறக்கமாட்டேன். அது அங்கே நிற்கும், நான் இங்கே நிற்பேன். இரண்டு பேருக்கும் பேசிப் பழக்கமில்லை. இப்படி நின்றபடியே நான் எங்கெல்லாமோ போய் வந்திருக்கிறேன். கை தைத்துக்கொண்டிருக்கும், ஆள் மட்டும் இருக்கமாட்டேன்.

இந்தப் பழக்கம்தான் அந்த வருடம் என் குடும்பத்தைக் கிட்டத்தட்ட கடலில் கொண்டுபோய் விட்டிருக்கும்.

எங்கள் லயத்துக்கு (ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய தோட்டத்து வீடுகள்) பின்னால் ஒரு சரிவு இருக்கிறது. மழை பலமாகப் பெய்த ஒரு மாதத்தில் அதில் வாய் திறந்த மாதிரி ஒரு வெடிப்பு கண்டது. அதற்குப் பிறகு, அனர்த்தங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வெளியிலிருந்து ஒரு மிஸ் வந்தார். பிள்ளைக் காம்பராவில் கூட்டம். வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. ஆகையால் நாங்கள் பெரியவர்கள் எல்லாரும் முழங்கால் உயர நாற்காலிகளில் மடங்கி உட்கார்ந்திருந்தோம். நான் உட்காரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றேன். கதவு என் முகத்தைப் பாதி மறைத்தால்தான் எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

மிஸ் பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் சொன்னார். ஒவ்வொரு வீட்டிலும் அவசரத்துக்கு ஒரு பை தயாராக இருக்க வேண்டும். டோர்ச், மெழுகுவர்த்தி, கெட்டுப்போகாத சாப்பாடு, தண்ணீர், மருந்து, ஒரு மாற்றுத்துணி. எல்லாவற்றையும் விட முக்கியம், பிறப்புச் சான்றிதழ் போன்ற பத்திரங்கள். அவை ஒரே இடத்தில், ஈரம் படாமல் இருக்க வேண்டும். மண் சரிகிற சத்தம் கேட்டால் மேலே ஸ்டோருக்கு ஓட வேண்டும், அதுதான் பாறை மேல் கட்டிய கட்டிடம்.

"ஈரம் படாம" என்று அவர் இரண்டாம் முறை சொன்னபோது என் உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருடத்தில் ஒரு கூட்டத்தில் எனக்குத் தெரிந்த விஷயத்தை யாரும் பேசியதில்லை. கை தூக்கி ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தேன். கை இடுப்பு வரைக்கும் வந்தது. அப்புறம் சட்டைப் பொத்தானைச் சரிசெய்வது போலத் திரும்பிப் போய்விட்டது.

வீட்டுக்கு இறங்கி வரும்போது மெல்லிய தூறல். தேயிலைச் செடிகள் எல்லாம் தலை குளித்துவிட்டு நிற்கிற மாதிரி இருந்தன. அந்த நடையில் எனக்கு முழுக் காட்சியும் தெரிந்தது. மலை சரிகிறது. சனங்கள் ஓடுகிறார்கள். ஸ்டோர் வாசலில் நான் ஒரு மூட்டையோடு அமைதியாக நிற்கிறேன். அதைப் பிரித்து ஆளுக்கு ஒன்றாக எடுத்துக் கொடுக்கிறேன். தொலைக்காட்சியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். "எப்படி இவ்வளவு யோசித்தீர்கள்?" என்று மைக்கை நீட்டுகிறார்கள். கனவில்கூட எனக்குப் பதில் வரவில்லை. ஆனாலும் நல்ல வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன்.

அன்றே ஸ்டோரிலிருந்து ஓரம் கசங்கியதால் ஒதுக்கிவைத்த ஒரு காகித மூட்டையைக் கொண்டுவந்தேன். தடித்த காகிதம், உள்ளே வெள்ளித்தாள். மழையில் போட்டாலும் உள்ளே சொட்டுப் போகாது. அதற்குள் பாக்கியத்தின் பிரஷர் மாத்திரையை முதலில் வைத்தேன். டோர்ச், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, கயிறு, பிஸ்கட், தண்ணீர்ப் போத்தல், அவல், கருவாடு. பாக்கியம் சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கருவாடு எதுக்குங்க?"

"கெட்டுப்போகாத சாப்பாடுன்னு மிஸ் சொன்னாங்க."

"மலை சரிஞ்சு விழுந்துகிட்டு இருக்கும்போது உக்காந்து கருவாடு சுடப்போறீங்களா?"

அவள் தேங்காய் துருவப் போன நேரம் பார்த்து என்னுடைய வெள்ளைச் சட்டை, ஒரு சீப்பு, ஒரு பவுடர் டப்பா மூன்றையும் உள்ளே தள்ளினேன். (ஏன் என்று யாரும் கேட்க வேண்டாம். மேலே எழுதிவிட்டேன்.)

கடைசியாகப் பத்திரங்கள். எங்கள் கலியாணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ்கள், அப்புறம் என் மகள் தர்ஷினியின் பரீட்சைச் சான்றிதழ்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பாக்கியம் அதற்கும் முன்னால். எங்கள் வீட்டில் தங்க முத்திரை ஒட்டிய காகிதம் என்றால் அவை மட்டும்தான். தர்ஷினி உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு, தோட்டப் பாடசாலைக்கு ஆசிரிய உதவியாளர் எடுக்கிறார்கள் என்று விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். அந்தக் காகிதங்களை நான் இரண்டு கையாலும் பிடித்துத்தான் எல்லாவற்றுக்கும் அடியில் செருகினேன்.

"அப்பா, நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டா ஒரிஜினல் வேணும்" என்றாள் தர்ஷினி.

"கூப்பிட்டதும் பிரிச்சிடலாம் மகள். அதுவரைக்கும் பத்திரமா இருக்கட்டும்."

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆபத்து வந்தால் எல்லாரும் ஸ்டோருக்குத்தானே ஓட வேண்டும்? அப்படியானால் மூட்டையை எதற்கு வீட்டில் வைத்துக்கொண்டு, ஓடும்போது தூக்க வேண்டும்? இப்போதே ஸ்டோரில் கொண்டுபோய் வைத்துவிட்டால், நாங்கள் கையை வீசிக்கொண்டு ஓடலாமே? இது தோன்றியதும் எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது.

"நடுவுல ஏதாச்சும் வேணும்னா?" என்றாள் பாக்கியம்.

"நான் தானே அங்க இருக்கேன்."

"அதாங்க பயமா இருக்கு."

மறுநாள் காலையில் மூட்டையைச் சாக்கால் சுற்றி எடுத்துப்போனேன். ஸ்டோருக்குப் பெரியவர் டீமேக்கர் ஐயா. அவரிடம் சொல்லிவிட்டு வைத்திருக்க வேண்டும். இரண்டு முறை அவருடைய அறை வாசல் வரை போனேன். இரண்டு முறையும் அவர் நிமிர்ந்து "என்ன முத்தையா?" என்றார். இரண்டு முறையும் "மழைங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஜன்னல் வழியாக அவருக்கே மழை தெரிந்துகொண்டுதான் இருந்தது.

சொல்லாமலே தூள் அறை மூலையில், மற்ற மூட்டைகளுக்குப் பக்கத்தில், பலகை மேல் நிறுத்தினேன். வாயை மடித்து மெஷினால் தைத்தேன். என்ன அழகான தையல் என்று நின்று பார்த்தேன். அப்போது கண்ணாடிக்கு வெளியே மேகம் வந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது என் வலது கை, அதன் பாட்டுக்கு, தகர அச்சை எடுத்து மூட்டை மேல் வைத்து மைத் தூரிகையால் தேய்த்துவிட்டது. தோட்டத்தின் பெயர். கீழே, பெக்கோ. அது தூளின் தரம். அப்படித்தான் எல்லா மூட்டையிலும் குத்துவேன். தைத்த மூட்டை முத்திரை இல்லாமல் நிற்பதை என் கையால் பொறுத்துக்கொள்ள முடியாது. திரும்பிப் பார்த்தபோது முத்திரை காய்ந்திருந்தது. நன்றாகத்தான் விழுந்திருந்தது. பரவாயில்லை, பார்க்க ஒழுங்காக இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

சில நாள் கழித்துக் கொழும்பு லொறி வந்தது. சாரதி சுனில். எங்கள் தூளை ஏலத்துக்கு ஏற்றிப்போகிறவர், ரொம்பக் காலமாகப் பழக்கம். வெளியே கொட்டுகிற மழை. லொறியைக் கதவோடு ஒட்டிப் பின்னால் எடுத்து நிறுத்தினார். நானும் இன்னொருவரும் மூட்டைகளைத் தோளில் ஏற்றினோம். அந்த மழைச் சத்தத்துக்குள் நான் மறுபடி அந்த ஸ்டோர் வாசலில் நின்றேன், சனங்களுக்குப் பிஸ்கட் கொடுத்தேன், மைக்கைப் பார்த்துச் சிரித்தேன். நடுவில் ஒரு மூட்டை மட்டும் பூப்போலத் தோளில் வந்து உட்கார்ந்தது. வயது ஏறினாலும் உடம்பில் பலம் இருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கூட நடந்தேன். அந்த மூட்டையை லொறியில் மெல்ல இறக்கிவைத்தேன். எண்ணிக்கை சரியென்று கையெழுத்துப் போட்டு, தார்ப்பாய் கட்டி, சுனில் போய்விட்டார்.

பகல் சாப்பாடு முடிந்த நேரம் தர்ஷினி குடையைக்கூட விரிக்காமல் ஸ்டோருக்கு ஓடிவந்தாள். கையில் கடிதம். எங்கள் லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும், அங்கே யாருக்காவது நினைவு வரும்போது நம்மிடம் வரும். இந்தக் கடிதத்துக்கு அன்று நினைவு வந்திருந்தது. நேர்முகப் பரீட்சை பலாங்கொடையில். மறுநாள் காலையில். சான்றிதழ்களின் மூலப்பிரதி இல்லாதவர்கள் ஏற்றுக்கொள்ளப்படமாட்டார்கள்.

சத்தம் கேட்டு டீமேக்கர் ஐயாவும் வந்துவிட்டார். அவளுக்கு மூச்சு வாங்கியது. எனக்குக் கொஞ்சமும் பதற்றமில்லை. என் வாழ்க்கையிலேயே ஒரு காரியத்துக்கு நான் முன்கூட்டித் தயாராக இருந்தது அன்றுதான்.

"ஒண்ணும் பயமில்ல மகள். இங்கதான் இருக்கு."

மூலைக்குப் போனேன். பலகை மேல் ஒரே ஒரு மூட்டை. இழுத்தேன், வரவில்லை. காலையில் அத்தனை மூட்டை தூக்கிய களைப்பு என்று நினைத்தேன். ஐயா பார்க்கிறாரே என்று, கத்தியைக் கொஞ்சம் அழகாகவே வீசி, தையலை ஓர் இழுப்பில் பிரித்து, மூட்டையைச் சாய்த்தேன்.

கறுப்பாகத் தூள் கொட்டியது. நல்ல பெக்கோ. என் பாதத்தை மூடியது. பிறகு கணுக்காலை. வாசம் அருமையாக இருந்தது.

பிறகு தர்ஷினி மெதுவாகக் கேட்டாள். "அப்பா, சர்டிபிகேட் எங்க?"

எனக்கு அந்தப் பூப்போன்ற மூட்டை நினைவுக்கு வந்தது.

"கொழும்புக்குப் போகுது" என்றேன்.

நடந்ததைச் சொன்னேன். ஒரே மூச்சில் அவ்வளவு வார்த்தை நான் அதுவரை ஸ்டோரில் பேசியதில்லை. டீமேக்கர் ஐயா பொறுமையாகத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சான்றிதழ் என்றபோது "ச்சு" என்றார். வெள்ளைச் சட்டையை நான் சொல்லவில்லை. சாப்பாட்டுச் சாமான் வந்தபோது அவர் முகம் மாறியது.

"என்ன சொன்ன? கருவாடா?"

"கொஞ்சம்தாங்க ஐயா."

"தேயிலையோட கருவாட்ட ஏத்தி அனுப்பியிருக்கியா?"

வெளியில் இருக்கிறவர்களுக்கு இது விளங்காது. தேயிலைத் தூள் பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தைக் குடித்துவிடும். எங்கள் ஸ்டோருக்குள் வெங்காயம் கொண்டுவர முடியாது. வாசனை எண்ணெய் தேய்த்து வருகிற ஆளைத் தூள் அறைக்குள் விடமாட்டோம். ஐயா அங்கிருந்த பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் மனக்கண்ணில் ஏலத்துக்கு முன்னால் தூளைச் சுவைத்துப் பார்க்கிறவர் ஒரு மிடறு வாயில் ஊற்றிக்கொண்டு யோசிப்பது தெரிந்திருக்க வேண்டும்.

சுனிலுக்குப் போன் போட்டோம். லைன் கிடைக்கவில்லை. பாக்கியத்தின் தம்பி செல்வம் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் வந்ததும் சொன்னான்: "இரத்தினபுரியில காலையில இருந்து தண்ணி ஏறுதுன்னு பஸ்காரங்க பேசிக்கிறாங்க. லொறி அங்கன மாட்டியிருந்தாலும் மாட்டியிருக்கும். போய்ப் பாப்போம் மச்சான்."

வெள்ளம் வந்திருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு அனர்த்தப் பையைத் தேடிப் போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

புறப்படும்போது டீமேக்கர் ஐயா ஒரு நிபந்தனை போட்டார். லொறியில் எண்ணிக்கை குறையக்கூடாது. பிரித்த மூட்டையில் சிந்தாமல் இருந்ததோடு நல்ல தூள் சேர்த்து, நிறுத்து, மறுபடி தைத்து (நான்தான் தைத்தேன், தையல் நேராகத்தான் வந்தது) அதை ஆட்டோவில் ஏற்றினார்கள். ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துவர வேண்டும். ஆகையால் பின் ஆசனத்தில் மூட்டை நடுவில் வசதியாக உட்கார்ந்தது. அதற்கு இந்தப் பக்கம் தர்ஷினி, அந்தப் பக்கம் நான்.

"நனையாமப் பாத்துக்கங்க மச்சான்" என்றான் செல்வம். "மூட்டையச் சொன்னேன். புள்ள நனைஞ்சா பரவால்ல போலருக்கு."

தர்ஷினி சிரிக்கவில்லை. மூட்டைக்கு மேலே அவளுடைய நெற்றி மட்டும் எனக்குத் தெரிந்தது.

"மகள்" என்றேன்.

"சொல்லுங்க."

"கிடைக்கும்."

"ம்."

பெல்மதுளை தாண்டினோம். மழை ஆட்டோவின் பிளாஸ்டிக் திரையில் வழிந்தது. வெளியே ரப்பர் மரங்கள், வீடுகள், மாடுகள், எல்லாம் கரைந்து கரைந்து போய்க்கொண்டிருந்தன. எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. நான் கண்ட அத்தனை கனவிலும் நான் ஊரைக் காப்பாற்றினேன். தர்ஷினி எந்தக் கனவிலும் இல்லை. இப்போது காப்பாற்ற வேண்டியது அவளுடைய சில காகிதங்களை மட்டும்தான். அதற்கு வழி தெரியாமல் ஒரு மூட்டையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருக்கிறேன்.

இரத்தினபுரிக்குக் கொஞ்சம் முன்னால் பாதை முடிந்திருந்தது. தண்ணீர் சத்தமில்லாமல் குறுக்கே படுத்திருந்தது. மின்கம்பங்கள் அதற்குள் இறங்கி அக்கரைக்கு நடந்து போகிற மாதிரி தெரிந்தன. வானம் கீழேயும் இருந்தது. பஸ்களும் வான்களும் வரிசையாக நின்றன. சனங்கள் இறங்கிக் கடைகளின் ஓரத்தில் ஒதுங்கியிருந்தார்கள். அவ்வளவு பேர் இருந்தும், பெரிய கோயிலுக்குள் இருப்பது போல எல்லாரும் மெல்லத்தான் பேசினார்கள்.

எங்கள் லொறியும் நின்றது. அதன் பின்பக்கம் ஒரு நாய் இரண்டு காலில் நின்று, தார்ப்பாயின் இடது மூலையை முகர்ந்துகொண்டிருந்தது. சுனில் குடையில்லாமல், தொப்பலாக நனைந்து, ஒரு கம்போடு அதைத் துரத்திக்கொண்டிருந்தார். அவரோடு நான் பேசுவது சிங்களத்தில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"முத்து, நீ எங்க இங்க? வந்து நின்னதுல இருந்து இந்த நாய் என்னை விடமாட்டேங்குது. உங்க தோட்டத்துத் தேயிலையில என்ன போடுறீங்க?"

நான் சொன்னேன். சொல்ல வேண்டியிருந்தது. சுனில் கம்பைக் கீழே போட்டுவிட்டு லொறிச் சில்லில் சாய்ந்துகொண்டு சிரித்தார். பிறகு தர்ஷினியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். ஆனால், ஒரே மாதிரி முத்திரை குத்திய மூட்டைகளில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"நாய் சொல்ற எடத்துல இருந்து ஆரம்பிப்போம்" என்றான் செல்வம்.

இடது மூலையில் ஏறி ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிப் பார்த்தேன். கனமாக இருந்தவை எல்லாம் தேயிலை. பூப்போல ஒன்று வந்தது. அதை அணைத்துக்கொண்டு இறங்கினேன். கொண்டுவந்த மூட்டை அதன் இடத்தில் ஏறியது, கணக்கு சரியானது. பக்கத்து மூட்டைகளின் வாயில் மூக்கை வைத்து வைத்து முகர்ந்தேன். தேயிலை வாசம்தான். வெள்ளித்தாள் மானத்தைக் காத்திருந்தது.

ஒரு கடையின் தாழ்வாரத்தில் மூட்டையை வைத்துத் தையலைப் பிரித்தேன். பார்க்க வேறொன்றும் இல்லாததால் ஒரு பஸ் சனமே சுற்றி நின்று பார்த்தது. பத்திரங்கள் அடியில் இருந்தன. (முக்கியமானது அடியில் என்பது என் தொழில் புத்தி.) அதனால் மேலே இருந்த ஒவ்வொன்றையும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. கருவாட்டுப் பொட்டலம் வந்தது. நாய் வந்தது. கயிறு, மெழுகுவர்த்தி, பிஸ்கட். அப்புறம் என் வெள்ளைச் சட்டை. சீப்பு. பவுடர் டப்பா.

தர்ஷினி பவுடர் டப்பாவைக் கையில் எடுத்தாள். "இது எதுக்குப்பா?"

இத்தனை கண்கள் பார்க்க நான் ஒருநாளும் நின்றதில்லை. மலை உண்மையிலேயே சரிந்து என்னை மூடினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"பேட்டி எடுத்தா" என்றேன்.

"யார?"

"என்னய."

அவள் என்னையே பார்த்தாள். அவள் முகத்தில் கடிதம் வந்ததிலிருந்து கட்டி வைத்திருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்ன சொன்னார் என்று பக்கத்தில் நின்ற அம்மா கேட்டார். செல்வம் அதைச் சிங்களத்தில் விளக்கினான். இன்னொருவன் அதைப் பின்வரிசைக்குச் சொன்னான். சிரிப்பு பஸ் பஸ்ஸாகப் போய்த் தண்ணீர் வரைக்கும் எட்டியது.

சான்றிதழ்கள் அடியில் மொடமொடப்பாக இருந்தன. ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, தாவணி போலத் தோளில் போட்டிருந்த துண்டால் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டாள்.

திரும்பலாம் என்று மற்றதை உள்ளே போடக் குனிந்தபோது, அந்த அம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தை பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். கடையில் பணிஸ் ரொட்டியெல்லாம் எப்போதோ தீர்ந்திருந்தது. பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தேன். பிறகு வேறு பிள்ளைகள் வந்தார்கள். அவல் கடைக்காரர் கைக்குப் போனது, அவர் அதில் தேங்காய் போட்டுப் பிசைந்தார். கருவாடும் அவருடைய அடுப்புக்குப் போனது. மெழுகுவர்த்தி கடைக்கு, டோர்ச் பஸ் சாரதிக்கு. நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த சுனிலுக்கு என் வெள்ளைச் சட்டை. அவருக்கு அது என்னை விடப் பொருத்தமாக இருந்தது. பவுடரை மட்டும் யாரும் கேட்கவில்லை. யாரும் மைக்கை நீட்டவில்லை. நல்லவேளை.

வீட்டுக்கு வந்ததும் பாக்கியம் சான்றிதழ்களை வாங்கி முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தாள். வாசம் போகட்டும் என்று அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கவிட்டாள். சந்தனக்குச்சி கொளுத்திக் காட்டினாள். மறுநாள் காலையில் அவற்றில் கருவாடு, பவுடர், தேயிலை, புகை, சந்தனம் எல்லாம் சேர்ந்து ஒரு புதிய வாசம் இருந்தது. வேறு வழியில்லை, அப்படியே எடுத்துப்போனோம்.

பலாங்கொடையில் அவளை உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அறைக்குள்ளிருந்து பலத்த சிரிப்பு. நான் எழுந்து நின்றேன். சான்றிதழை முகர்ந்துவிட்டார்கள் என்று விளங்கியது. இத்தனை வருடம் மண்ணெண்ணெய் விளக்கிலும் டோர்ச் வெளிச்சத்திலும் அவள் படித்ததை ஒரு கருவாட்டுப் பொட்டலத்தால் கெடுத்துவிட்டேனே என்று மறுபடி உட்கார்ந்தேன். உள்ளே இன்னொரு முறை சிரித்தார்கள்.

அவள் வெளியே வந்தாள்.

"எதுக்கு மகள் சிரிச்சாங்க?"

"என்ன வாசம்னு கேட்டாங்க. சொன்னேன்."

"எல்லாத்தையுமா?"

"பவுடர் வரைக்கும்." என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்புறம் நடுவுல இருந்த பெரியவர் கேட்டாரு, உன் பள்ளிக்கூடத்துப் பக்கம் மலை சரிஞ்சா புள்ளைங்கள என்ன செய்வேன்னு. மத்தவங்க புத்தகத்துல இருக்கிறதச் சொன்னாங்களாம். நான் நேத்துப் பாத்ததச் சொன்னேன். யாருக்கு எது தேவைப்பட்டுச்சுன்னு."

வேலை கிடைத்தது. கடிதம் வழக்கம்போலத் தாமதமாகத்தான் வந்தது. டீமேக்கர் ஐயா அந்த ஏலம் முடியும் வரை போன் மணி அடித்தாலே எழுந்து நின்றார். கருவாட்டுப் புகார் எதுவும் வரவில்லை. எங்கேயோ யாரோ குடித்துவிட்டார்கள்.

இப்போது எங்கள் வீட்டு அவசரப் பையை நான் தொட அனுமதியில்லை. அது ஒரு பழைய பள்ளிக்கூடப் பை. ஒரு இழுப்பில் திறக்கிற ஸிப். தர்ஷினிதான் கட்டுவாள், மாத்திரைகளின் திகதி பார்த்து மாற்றுவாள். நான் சும்மா உட்கார்ந்து எங்கேயாவது பார்த்துக்கொண்டிருந்தால், வந்தவர்களிடம் பாக்கியம் சொல்வாள்: "கூப்புடாதீங்க, கொழும்பு லொறி ஏறிட்டாரு." இது லயம் முழுக்கப் பரவிவிட்டது. பாடத்தில் கவனம் இல்லாத பிள்ளையைத் தர்ஷினி வகுப்பிலேயே "லொறிய விட்டு எறங்கு" என்கிறாளாம். அந்தப் பிள்ளைகள் என்னைப் பாதையில் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வணக்கம் சொல்கின்றன.

போன மழைக்கு எச்சரிக்கை வந்தது. பகல் நேரம். சரிவில் மண் கரைந்து வடிந்துகொண்டிருந்தது. எல்லாரையும் மேலே ஸ்டோருக்குப் போகச் சொன்னார்கள். மேகம் லயத்து வாசல் வரை வந்து நின்றது, ஆட்கள் அதற்குள் நுழைந்து நுழைந்து மறைந்தார்கள். தர்ஷினி கதவருகே நின்று கேட்டாள்.

"டோர்ச்?"

"இருக்கு" என்றாள் பாக்கியம், பையைத் தடவி.

"மாத்திரை?"

"இருக்கு."

"சர்டிபிகேட்?"

"இருக்கு."

"அப்பா?"

பாக்கியம் திரும்பி என்னைப் பார்த்தாள். "நிக்கிறாரு. ஆள் இருக்காரான்னு தெரியல."

இருக்கிறேன் என்று நான் வாயைத் திறப்பதற்குள் தர்ஷினி வந்து என் கையைப் பிடித்துவிட்டாள். பிடித்த பிறகு எதற்குப் பேச்சு என்று நானும் கூடவே நடந்தேன்.